மிதப்பதும் அமிழ்வதும்: வீட்டில் ஒரு விஞ்ஞானப் பாடம்

விஞ்ஞானம் என்றதும் ஆய்வுக்கூடமும் விலையுயர்ந்த கருவிகளுமே நினைவுக்கு வருகின்றன. அவை இல்லாத தோட்டத்து வீட்டில் பிள்ளைக்கு விஞ்ஞானம் கற்பிக்க இயலாது எனப் பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. ஒரு வாளித் தண்ணீரே முதற்பாடத்திற்குப் போதும்.

ஆணி, ரப்பர் விதை, கூழாங்கல் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நீரில் இடுமுன், "இது மிதக்குமா, அமிழுமா?" என்று பிள்ளையைக் கேளுங்கள். விடையை நாம் முந்திக்கொண்டு கூறலாகாது. பிள்ளை முதலில் ஊகிக்க வேண்டும். பின்னர்த் தானே இட்டுப் பார்க்க வேண்டும். ஊகம் பொய்த்தால் காரணம் தேட வேண்டும். விஞ்ஞானிகளும் இவ்வழியிலேயே உண்மை காண்கின்றனர்.

அடுத்து, பிசைந்த களிமண் உருண்டையை இடுங்கள், அமிழும். அதே மண்ணைக் கிண்ணமாக வனைந்து இடுங்கள், மிதக்கும். எடை மாறவில்லை, வடிவமே மாறியது. கிண்ணம் மிகுதியான நீரை விலக்குகிறது. விலக்கப்பட்ட நீரின் எடைக்குச் சமமான விசையால் நீர் அதனைத் தாங்குகிறது. இவ்விதியைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கண்டறிந்தார்.

1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் திறக்கப்பட்டு, 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிய நம் துறைமுகத்தில் இரும்புக் கப்பல்கள் மிதப்பதும் இதனாலேயே. கப்பலின் பக்கத்தில் சுமையின் எல்லையைக் காட்டும் கோடுகள் இருக்கும். அளவுக்கு மீறிய சுமையால் மாலுமிகள் மாள்வதைத் தடுக்கப் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் போராடியதன் பயனாக, 1876இல் இக்கோடு சட்டமாயிற்று. நன்னீருக்கும் கடல்நீருக்கும் வெவ்வேறு கோடுகள் உண்டு. ஏன்? குவளை நீரில் முட்டையை இடுங்கள், அமிழும். உப்பை மேன்மேலும் கரையுங்கள், முட்டை மேலெழும். உப்புநீர் அடர்த்தி மிகுந்தது. ஆதலால் கூடுதலாகத் தாங்குகிறது.

பால் நிறுக்கும் இடத்தில் பயன்படும் மெட்ரோலாக் கருவியும் இவ்விதியைக் கொண்டே இயங்குகிறது. ரப்பர் நீரைவிட இலேசானது. ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழ்ந்து நிற்கும். நீர் மிகுந்த பாலில் உயர்ந்து நிற்கும். பாலின் மதிப்பை இக்கருவி கொண்டு கணக்கிடும் இடத்தில், காரணம் அறிந்த தொழிலாளி அளவு சரிதானா என்று கேட்க வல்லவராகிறார். அவ்வறிவைப் பிள்ளைக்கும் அளிப்பது நம் கடமை. ஆனால் பால் உறையவைக்கும் அமிலத்தின் அருகே பிள்ளைகளை விடலாகாது.

பிள்ளைகளிடம் கேட்க:

1. ஆற்றிலிருந்து கடலுக்குச் செல்லும் கப்பல் சற்று உயருமா, தாழுமா?

2. பாலில் மேலும் நீர் ஊற்றினால் மெட்ரோலாக் எவ்வாறு நிற்கும்?