ஒரு வரைபடமும் ஒரு புற்றுநோயும்: டெனிஸ் பர்க்கிட்டின் ஆய்வுப் பணி

மருத்துவ ஆராய்ச்சி என்றாலே விலையுயர்ந்த கருவிகளும் பெருநகர ஆய்வுக்கூடங்களும் நினைவுக்கு வருகின்றன. நிதியின்மையே வளரும் நாடுகளில் ஆராய்ச்சிக்குத் தடை என்று கூறுவதும் வழக்கம். இது முழு உண்மையன்று என்பதை, உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்க்கிட் என்ற அறுவை மருத்துவரின் வாழ்க்கை உணர்த்துகிறது.

பர்க்கிட் 1911ஆம் ஆண்டு அயர்லாந்தின் என்னிஸ்கில்லன் நகரில் பிறந்தார். சிறுவயதில் விபத்தொன்றில் ஒரு கண்ணை இழந்தார். டப்ளினில் மருத்துவம் பயின்று, 1946இல் உகாண்டா அரசு மருத்துவப் பணியை ஏற்றார்.

கேள்வி பிறந்த விதம்

1957இல் கம்பாலா நகரின் முலாகோ மருத்துவமனையில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனை அவர் பரிசோதித்தார். மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டிலும் இருபுறமும் கட்டிகள் இருந்தன. சில வாரங்களுக்குள் ஜிஞ்சா நகரில் மற்றொரு குழந்தையிடமும் இதே தோற்றத்தைக் கண்டார். அக்குழந்தையின் வயிற்றிலும் கட்டிகள் இருந்தன. உடனே மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். தாடை, சிறுநீரகம், கருப்பை அண்டகம் எனத் தனித்தனி நோய்களாக எழுதப்பட்டிருந்தவை ஒரே நோயின் வெவ்வேறு தோற்றங்கள் என்பது புலனாயிற்று. 1958இல் அவர் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார். இது நிணநீர் அணுக்களில் தோன்றும் புற்றுநோய் என்பதை நோய்க்குறியியல் வல்லுநர்கள் பின்னர் உறுதிசெய்தனர்.

பத்தாயிரம் மைல்

இந்நோய் எங்கெங்கு உள்ளது என்பதே அடுத்த கேள்வி. பர்க்கிட் பெற்ற முதல் ஆராய்ச்சி மானியம் 25 பவுன் மட்டுமே. நோயுற்ற குழந்தைகளின் படங்கள் அடங்கிய துண்டறிக்கைகளை ஆப்பிரிக்க மருத்துவமனைகளுக்கு அஞ்சலில் அனுப்பி, பதில்களை வரைபடத்தில் குறித்தார். 1961இல் இரு மருத்துவ நண்பர்களுடன் பழைய மோட்டார் வண்டி ஒன்றில் தென்னாப்பிரிக்கா வரை சென்று திரும்பினார். ஏறத்தாழ 10,000 மைல் நீண்ட இப்பயணத்தின் செலவு 700 பவுனுக்கும் குறைவு. வெப்பமும் மழையும் மிகுந்த தாழ்நிலங்களில் நோய் பரவியிருந்தது; குளிர்ந்த மேட்டுநிலங்களில் அரிதாயிருந்தது. மலேரியா பரவும் பகுதியும் ஏறத்தாழ இதுவே.

அதே ஆண்டு இலண்டனில் அவர் ஆற்றிய உரையைக் கேட்ட ஆன்டனி எப்ஸ்டைன், கட்டித் திசுக்களைக் கம்பாலாவிலிருந்து விமானத்தில் வரவழைத்தார். 1964இல் எப்ஸ்டைன்-பார் வைரஸ் கண்டறியப்பட்டது. மனிதப் புற்றுநோயுடன் தொடர்புபடுத்தப்பட்ட முதல் வைரஸ் இதுவே. உலகில் வயது வந்தோருள் பெரும்பாலோரிடம் இது உள்ளது. ஆயினும் இளமையிலேயே மலேரியாவால் மீண்டும் மீண்டும் தாக்கப்படும் குழந்தைகளிடம் புற்றுநோய்க்கு வழிவகுக்கிறது.

மருந்தும் மனிதரும்

உகாண்டாவில் அப்போது கதிர்வீச்சுச் சிகிச்சை வசதி இல்லை. எனவே பர்க்கிட் மருந்துகளை நாடினார். 1948இல் சிட்னி ஃபார்பர், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை அமினாப்டெரின் என்ற மருந்தால் தற்காலிகமாகத் தணிக்க முடிந்ததை அறிவித்திருந்தார். அம்மருந்தை அளித்தது அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகம். அங்கு ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அம்மருந்தின் உறவான மெதோட்ரெக்சேட்டும் சைக்ளோபாஸ்பமைடும் பர்க்கிட்டின் நோயாளிகளிடம் வியக்கத்தக்க பலன் தந்தன. சில குழந்தைகள் நிலையாகக் குணமடைந்தனர். மருந்தால் மட்டுமே குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்கள் உண்டு என்ற நம்பிக்கை இதனால் வலுப்பெற்றது.

1972இல் இலண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்வு பெற்ற பர்க்கிட், 1993இல் மறைந்தார்.

எஞ்சியுள்ள பணி

அறிவு வளர்ந்த அளவிற்கு அதன் பயன் பரவவில்லை. செல்வ நாடுகளில் புற்றுநோயுற்ற குழந்தைகளுள் 80 சதவீதத்திற்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்தினர்கூட குணமடைவதில்லை. 2030க்குள் உலகளவில் குறைந்தது 60 சதவீதத்தினரைக் காப்பது என உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வகுத்தது. அதில் சிறப்புக் கவனம் பெறும் ஆறு நோய்களுள் பர்க்கிட் கண்டறிந்ததும் ஒன்று.

மருந்துகள் புதியன அல்ல. அவற்றுள் பல விலை மலிந்தவை. உரிய காலத்தில் நோயை அறிதல், மருந்து இருப்புத் தீராமல் காத்தல், சிகிச்சை முடியும்வரை ஏழைப் பெற்றோர் நகரில் தங்க உதவுதல் ஆகியவையே குறைபடுகின்றன. இவை ஆய்வுக்கூடத்தின் பணிகள் அல்ல, நிர்வாகத்தின் பணிகள். மாவட்ட மருத்துவமனையின் பதிவேடு ஒழுங்காக எழுதப்படுவதும் இவற்றுள் அடங்கும். முலாகோவில் கவனமாக எழுதி வைத்த பதிவேடுகள் இல்லையேல், பர்க்கிட் எழுப்பிய கேள்விக்கு விடை தொடங்கியிருக்க இடமில்லை.