பாரம் ஏற்றினால் கிணுகிணுக்கும் எஞ்சின்

கேள்வி: ஐயா, எனது நாலு ஸ்ட்ரோக் ஓட்டோவின் எஞ்சினைக் கழற்றி, போர் அடித்துப் பெரிய சைஸ் பிஸ்டன் போட்டேன். வெறும் வண்டியாக ஓடும்போது சத்தமில்லை. மீன்பெட்டி ஏற்றிக்கொண்டு வாழைச்சேனைக்குப் போகையில் அக்சிலேற்றரை முறுக்கினால் கிணுகிணு என்று அடிக்கிறது. திரும்பவும் கழற்ற வேண்டுமா?
– வாசகர், வாகரை

பதில்: இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். பிஸ்டன் தளர்வென்றால் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தட்டும், சூடேறக் குறையும். பெயாரிங் போயிருந்தால் அடிக்கும் சத்தம் கனமாக இருக்கும். எந்தப் பெற்றோல் ஊற்றினாலும் மாறாது. பாரத்தில் மட்டும் வருவது பெரும்பாலும் நொக்கிங். பிளக் பற்றவைத்த தீ பரவி முடியுமுன், ஓரத்தில் மிஞ்சிய கலவை அமுக்கத்தாலும் சூட்டாலும் தானாகவே வெடிக்கிறது.

முதலில் கானைப் பாருங்கள். கரையோர வீடுகளில் தோணிக்கு மண்ணெண்ணெய் வாங்கும் கானிலேயே ஓட்டோவுக்குப் பெற்றோலும் வாங்கிவிடுவதுண்டு. மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெற்றோலைவிட மிகக் குறைவு, அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் கெடுக்கும். 2022 ஆகஸ்டில் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனபின் அதை வேண்டுமென்றே கலப்பதில் முன்னைய இலாபமில்லை. ஆனால் கான் மாறவில்லையே.

டாங்கியை வடித்துவிட்டு, ஷெட்டில் பம்பிலிருந்தே நேராக 95 அடித்து, அதே பாரத்தோடு அதே பாதையில் ஓடிப் பாருங்கள். சத்தம் அடங்கினால், அடுத்த முறை பம்பிலிருந்து 92. அதிலும் சத்தமில்லையா, குற்றம் கானில்தான். 92-இல் திரும்பி வந்தால் லேத்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஹெட்டின் முகத்தை எவ்வளவு சீவினீர்கள்?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதேயில்லை. 200 சிசி, 64 மி.மீ. போர், அமுக்க விகிதம் 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். எரியறை 25 சிசி. அரை மி.மீ. சீவினால் ஏறத்தாழ 1.6 சிசி போய்விடும், விகிதம் 9.5 ஆகும். பெரிய பிஸ்டன் அதை இன்னும் கொஞ்சம் கூட்டும். கேஸ்கட்டும் பழையதைவிட மெல்லியதென்றால் 92 தாங்காது. சரியான தடிப்பில் கேஸ்கட் போட்டாலே பல எஞ்சின்கள் அடங்கிவிடும்.

95-இலும் அடித்தால் இக்னிஷன் டைமிங், காபரேற்றர் மூட்டில் காற்றுக் கசிவு, பிளக்கின் நம்பர், சிலிண்டர் செதில்களில் அடைந்த மண் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். புதிய ரிங் படியும்வரை ஒயில் மேலேறுவதும் நொக்கிங்கைத் தூண்டும்.

காரணம் தெரியும்வரை மீன்பெட்டியைக் குறைத்து ஏற்றுங்கள். சத்தம் கேட்டதும் அக்சிலேற்றரை விட்டு, ஒரு கியர் இறக்குங்கள். அந்தச் சத்தத்தோடு முறுக்கி ஓடினால் புது பிஸ்டனின் தலை அரிக்கும், ரிங்கும் உடையும்.