பொதுச் சௌனாவில் வெம்மையும் தண்மையும்

வீட்டுக்கு வீடு குளியலறை இல்லாத காலத்தில் பின்லாந்தின் தொழிலாளர் குடியிருப்புகளில் எழுந்த பொதுச் சௌனாக்கள், அதாவது மரப்பலகையாலான வெப்ப அறையில் பலர் சேர்ந்தமர்ந்து வியர்த்துக் குளிக்கும் குளியலகங்களில் சில இன்றும் இயங்கி வருகின்றன. தாம்பெரே நகரின் பிஸ்பலா பகுதியில் 1906 முதல் நடைபெறும் ராயாபோர்த்தி அவற்றுள் மிகப் பழையது; ஹெல்சின்கியில் 1928இல் தொடங்கிய கோட்டிஹார்யு இன்றும் விறகால்தான் சூடேற்றப்படுகிறது. முதன்முறை செல்வோர் வெப்பத்தைத் தாங்க முடியுமா என்றே கவலைப்படுவர். பழகியோரோ அவ்வெப்பத்தைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் முறையையே முதலில் கற்பிப்பர்.

உடை பற்றிய வழக்கம் இடத்துக்கு இடம் வேறுபடும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறைகளுள்ள கோட்டிஹார்யுவில் ஆடையின்றிக் குளிப்பதே இயல்பு. 2016இல் ஹெல்சின்கிக் கடற்கரையில் திறக்கப்பட்ட லோய்லுவில் இருபாலரும் ஒன்றாக அமர்வதால் நீச்சலுடை கட்டாயம். எங்கு சென்றாலும் முதலில் உடலைக் கழுவிக்கொள்வதும், பலகையில் சிறு துண்டு விரித்து அமர்வதும் மரபு. மோதிரம், சங்கிலி போன்றவை சூடேறித் தோலைச் சுடும் என்பதால் அவற்றை முன்பே கழற்றிவிடுவது நல்லது.

அறையின் வெப்பம் பெரும்பாலும் 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரை இருந்தாலும், காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை விரைந்து ஆவியாகி உடலைக் காக்கிறது. கியுவாஸ் எனப்படும் கல்லடுப்பில் ஓர் அகப்பை நீர் ஊற்றியதும் எழும் ஆவி தோலில் படிந்து நீராக மாறும்போது தன்னுள் அடங்கிய வெப்பத்தை வெளிவிடுவதால், வெப்பமானி அதிகம் ஏறாமலேயே உடல் தகிக்கும். வெப்பம் மேலெழுவதால் இதை முதலில் உணர்வோர் மேல்தட்டில் இருப்போரே. ஆகவே அவர்களைக் கேட்டுவிட்டு ஊற்றுவதும், ஓர் அகப்பைக்குப் பின் சற்றுப் பொறுப்பதும் அங்குள்ள நாகரிகம். புதியவர் கீழ்த்தட்டில் தொடங்கலாம். தலை கிறுகிறுக்கும் முன்பே எழுந்து வெளியேறுவதை எவரும் குறையாக எண்ணுவதில்லை.

வெப்ப அறையிலிருந்து வெளியே வந்து குளிர்நீரில் இறங்குவதற்கு வேறு வகை எச்சரிக்கை வேண்டும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், உறைநிலையை ஒட்டிய கடல்நீர் மார்பைத் தொட்டவுடன் மூச்சு தன்னையறியாமல் உள்ளிழுக்கப்படும். அக்கணத்தில் முகம் நீருக்குள் இருந்தால் நீர் நுரையீரலுக்குள் புகும். எனவே தலைகீழாகப் பாயாமல், ஏணியின் கைப்பிடியைப் பற்றியவாறு, மூச்சை மெதுவாக வெளிவிட்டுக்கொண்டே படிப்படியாக இறங்குவதே பாதுகாப்பானது. தொடக்கத்தில் அரை நிமிடமே போதும். தனியாகவோ மது அருந்திவிட்டோ இறங்குவது ஆபத்தானது. இதயநோயோ உயர் இரத்த அழுத்தமோ உடையோர், கருவுற்ற பெண்கள் ஆகியோர் மருத்துவரைக் கலந்துகொண்டே செல்ல வேண்டும்.

கரையேறிய பின்னும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் குறைந்துகொண்டே இருக்கும் என்பதால், துடைத்து, துண்டைப் போர்த்தி, நீர் அருந்தி அமைதியாக அமர்வதும் குளியலின் ஒரு பகுதியே. கோட்டிஹார்யுவின் வாசலில் துண்டு கட்டியவாறே தெருவோரம் அமர்ந்து உரையாடுவோர் இந்த இடைவேளையைத்தான் கழிக்கின்றனர். வெம்மையும் தண்மையும் மாறிவரும் சுற்றுகளைப் பெருக்கி ஓய்வைச் சுருக்குவோர் களைப்போடு திரும்புவதும், இரண்டே சுற்றோடு நெடுநேரம் ஆற அமர இருப்போர் தெளிவோடு திரும்புவதும் அங்கு வழக்கமாகக் காணக்கூடியவை.