பிரிண்டர் விலையோடு மை விலையையும் கேளுங்கள்

கேள்வி: பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். மாதம் நூறு பக்கமாவது பிரிண்ட் எடுக்கிறோம், பாதி கலர். மை செலவு கட்டுப்படியாகும் பிரிண்டர் எது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பாட்டிலிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் இங்க் டேங்க் வகையை வாங்குங்கள். எப்சன், கேனன், எச்பி, பிரதர் எல்லாரிடமும் உண்டு. கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் சிறிய கார்ட்ரிட்ஜ் சில நூறு பக்கங்களிலேயே தீர்ந்துவிடும். எப்சனின் 65 மில்லி கருப்பு மை பாட்டில் சுமார் 4,500 பக்கம் வரும் என்கிறது அந்நிறுவனம். படங்கள் நிறைந்த பக்கங்கள் என்றால் குறையும். அப்படியும் உங்களுக்கு வருடக்கணக்கில் ஓடும்.

ஒரு எச்சரிக்கை. கோடை விடுமுறையில் பிரிண்டரைச் சும்மா விட்டால் மை காய்ந்து, அதைத் தாளில் தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும். பிறகு ‘ஹெட் கிளீனிங்’ செய்தே பாதி மை போய்விடும், பாவம்! வாரம் ஒரு கலர் பக்கம் எடுங்கள். பிரிண்டரின் பட்டனிலேயே அணையுங்கள், சுவர் சுவிட்சில் அல்ல. அப்போதுதான் ஹெட் தன் மூடிக்குள் சென்று அமரும்.

கலர் தேவைப்படாதவர்களுக்கு லேசரே மேல். அதன் மைத்தூளான டோனர் காயாது.

பணம் கொடுக்குமுன், அந்த மாடலுக்கான மை உங்கள் ஊரிலேயே கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.