பொதுப் பணமும் கிராம சபையும்

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஆற்றில் எறியும் பொருளுக்கே அளவு வேண்டுமெனின், ஊரார் அனைவருக்கும் உரிய பொதுப் பணத்திற்குக் கணக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் நம் ஊர்களில் இன்றும் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். ஊருக்குச் சாலை வந்தால், ‘சர்க்கார் போட்டுக் கொடுத்தது’ என்கிறோம். அது ஓராண்டில் பெயர்ந்து போனால், ‘சர்க்கார் வேலை அப்படித்தான்’ என்று கூறி அமைந்து விடுகிறோம். இவ்விரு கூற்றுக்கும் அடிப்படையான பிழை ஒன்றே. சாலையை யாரோ அளித்த கொடை என்று எண்ணுவதே அப்பிழை. கொடைக்குக் கணக்குக் கேட்பது நாகரிகமன்று. நம் பணத்தில் செய்த வேலைக்குக் கணக்குக் கேளாதிருப்பதோ கடமையினின்று வழுவுவதாகும்.

மாநில அரசின் பணம் ஊருக்கு எவ்வாறு வருகிறது, அதற்குக் கணக்குக் கேட்கும் இடங்கள் யாவை, அவற்றுள் ஊரார்க்கே உரிய இடம் எது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

பணம் வரும் வழி

கடையில் சோப்பு வாங்கும் மூதாட்டியும் வரி செலுத்துகிறார். அவ்வரியில் ஒரு பங்கு மாநில அரசைச் சேர்கிறது. நிலம் வாங்குவோர் செலுத்தும் முத்திரைக் கட்டணமும் அரசுக்கே செல்கிறது. இவ்வாறு திரளும் வருவாய் மாநிலத்தின் தொகுப்பு நிதியாகிறது. சட்டத்தின்படி அன்றி அந்நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுத்தலாகாது என்று நம் அரசமைப்பின் 266-ஆம் பிரிவு விதிக்கிறது. ஆதலின், ஆண்டுதோறும் அரசு தன் வரவு செலவுத் திட்டத்தைச் சட்டமன்றத்தில் வைக்கிறது. துறைதோறும் மானியக் கோரிக்கைகள் விவாதிக்கப்பட்டு வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன. பின்னரே செலவிட அனுமதி கிடைக்கிறது.

இந்நிதியில் ஊராட்சிகளுக்கும் பங்குண்டு. அப்பங்கு எவ்வளவு, எம்முறையில் பிரிக்கப்பட வேண்டும் என்பதைப் பரிந்துரைக்க, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் அமைத்தல் வேண்டும். இது 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் விதி. எனவே ஊராட்சிக்கு வரும் நிதியை எவரும் தம் தயவால் தந்ததாகச் சொல்லிக்கொள்ள இடமில்லை.

செலவான பின்னர்

செலவு முடிந்த பின் கணக்கை ஆராய்வோர் உளர். மாநில அரசின் கணக்குகளை இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவர் ஆராய்ந்து, தம் அறிக்கையை ஆளுநரிடம் அளிக்கிறார். ஆளுநர் அதனைச் சட்டமன்றத்தில் வைக்கச் செய்கிறார். இஃது 151-ஆம் பிரிவின் ஏற்பாடு. அரசமைப்பின்கீழ் உள்ள அலுவலருள் இவரே மிக முக்கியமானவர் எனலாம் என்று 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் கருத்துரைத்தார். சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு இவ்வறிக்கையை எடுத்துக்கொண்டு, துறைச் செயலாளர்களை அழைத்து விளக்கம் கேட்கிறது. ஊராட்சிக் கணக்குகளுக்கும் தனியே தணிக்கை உண்டு.

இவை யாவும் பெரிதும் வேண்டப்படுவன. எனினும், இவற்றுக்கு ஓர் எல்லை இருப்பதை நாம் உணர்தல் வேண்டும். தணிக்கையாளர் முதலில் காண்பது தாள். பட்டியல் உண்டா, கையொப்பம் உண்டா, விதிப்படி ஒப்பந்தம் விடப்பட்டதா என்று அவர் பார்க்கிறார். சிற்சில இடங்களுக்கு நேரில் செல்வதும் உண்டு. ஆனால் நம் மாநிலத்தில் ஊராட்சிகள் 12,000-க்கும் மேற்பட்டவை. அவற்றின் ஒவ்வொரு தெருவிலும் நின்று, ‘இக்குழாயில் தண்ணீர் வருகிறதா?’ என்று கேட்பது அவருக்கு இயலாத செயல். அன்றியும், அறிக்கை வெளிவருவதற்குள் காலம் கடந்து விடுகிறது. தாளில் உள்ள வேலை தரையில் உண்டா என்பதைக் காலத்தே அறிந்து சொல்லத்தக்கவர், அத்தெருவில் நாள்தோறும் நடந்து செல்லும் மக்களே. தாள் கணக்கும் தரைக் கணக்கும் சந்திக்கும் இடத்தில்தான் உண்மை வெளிப்படுகிறது.

இராஜஸ்தான் அளித்த பாடம்

இவ்வுண்மையை நாட்டுக்கு உணர்த்தியவர்கள் இராஜஸ்தானத்தின் ஏழை உழைப்பாளிகள். மண் வேலை செய்தும் அவர்களுக்கு உரிய கூலி முழுமையாகக் கிடைக்கவில்லை. காரணம் கேட்டபோது, அளவுப் புத்தகத்தின்படி அவ்வளவு வேலை நடைபெறவில்லை என்று விடை வந்தது. அப்புத்தகத்தைக் காட்டுமாறு கேட்டபோது, அது அரசாங்க இரகசியம் என்று மறுக்கப்பட்டது. 1990-இல் அமைந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர் அமைப்பு, 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்னும் சிற்றூரில் மக்கள் விசாரணை ஒன்றை நடத்தியது. வருகைப் பட்டியலும் செலவுச் சீட்டுகளும் ஊரார் முன் உரக்கப் படிக்கப்பட்டன. இத்தகைய விசாரணைகளில், இறந்தோர் பெயராலும், ஊரை விட்டே சென்றோர் பெயராலும் கூலி எழுதப்பட்டிருந்தமை வெளியாயிற்று. அதனைக் கண்டுபிடிக்கப் பெருங்கல்வி தேவைப்படவில்லை. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஊரார்க்கு உண்மை தெரிந்துவிட்டது.

‘நமது பணம், நமது கணக்கு’ என்ற முழக்கத்துடன் 1996-இல் பியாவர் நகரில் 40 நாட்கள் அறப்போராட்டம் நடைபெற்றது. தகவல் அறியும் உரிமைக்குச் சட்டம் வேண்டுமென்ற எண்ணம் நாடெங்கும் பரவிற்று. மாநிலங்களுள் முதன்முதலாக 1997-இல் தமிழ்நாடு அத்தகைய சட்டத்தை இயற்றியது. எனினும் அதில் விலக்குகள் மிகுந்திருந்தன. 2005 அக்டோபர் 12 முதல் நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் முழு நடைமுறைக்கு வந்தது. ஒரு சிற்றூரில் எழுந்த கேள்வி நாட்டின் சட்டமாக மலர்ந்த வரலாறு இது.

உத்திரமேரூர்க் கல்வெட்டின் விதி

கணக்குக் கேட்கும் மரபு நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காகப் போற்றுகிறோம். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றில் உள்ளன. அவ்விதிகளுள் ஒன்றை நாம் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது சென்றவர் மீண்டும் வாரியத்துக்கு உரியவர் ஆகார். அவருடைய நெருங்கிய உறவினரும் உரியவர் ஆகார். கணக்குக் காட்டாமையை அக்காலத்தார் எத்துணைப் பெருங்குற்றமாகக் கருதினர் என்பது இதனால் விளங்கும்.

ஆயினும், அச்சபை எல்லோர்க்கும் உரியதாய் இருக்கவில்லை. நிலமும் கல்வியும் உடைய சிலரே அதில் இடம் பெற்றனர். உழுதவர்க்கும் பெண்டிர்க்கும் ஆங்கே குரலில்லை. இன்றைய கிராம சபையிலோ ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் உறுப்பினர். பழைய விதியின் கண்டிப்பும் புதிய சபையின் விரிவும் ஒன்றுசேர்வதே நாம் வேண்டுவது.

கணக்கைப் படிக்கும் முறை

எடுத்துக்காட்டாக ஒரு வேலையைக் கற்பனை செய்துகொள்வோம். ஓர் ஊரில் 200 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனத்தில் சிமெண்டுச் சாலை போட மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது. 200-ஐ 3-ஆலும், பின் 0.15-ஆலும் பெருக்கினால் 90 கன மீட்டர் கான்கிரீட்டு ஆகிறது. வேலை முடிந்ததாக எழுதிப் பணமும் வழங்கப்பட்டுவிட்டது. ஊரார் நாடாவைப் பிடித்து அளக்கிறார்கள். சாலை 170 மீட்டரே உள்ளது. குறைந்த 30 மீட்டருக்கு உரிய கான்கிரீட்டு 13.5 கன மீட்டர். அதாவது நூற்றுக்குப் பதினைந்து பங்கு வேலை தரையில் இல்லை.

இந்நிலையில் ‘கொள்ளை நடந்துவிட்டது’ என்று கூச்சலிடுவது முறையன்று. ‘மதிப்பீட்டில் 200 மீட்டர், நாங்கள் அளந்தது 170 மீட்டர், மீதி வேலை எங்கே?’ என்று கேட்பதே முறை. மதிப்பீடு பின்னர் முறைப்படி திருத்தப்பட்டு, மிச்சப் பணத்தில் சிறுபாலம் கட்டப்பட்டிருக்கவும் கூடும். அவ்வாறாயின் அதற்குத் தீர்மானமும் திருத்திய மதிப்பீடும் இருத்தல் வேண்டும். இருப்பின், நேர்மையான அலுவலர்மீது எழுந்த ஐயம் நீங்கும். இல்லையெனில், அடுத்து என்ன செய்வது என்பது தானே விளங்கும்.

எவ்வேலைக்கும் நான்கு பதிவுகளைப் பார்த்தால் போதும். அவை தீர்மானம், மதிப்பீடு, அளவுப் புத்தகம், செலவுச் சீட்டு என்பன. இவற்றைப் பெறத் தகவல் உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. நம் மாநிலத்தில் 10 ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர்க்குக் கட்டணமில்லை. 30 நாட்களுக்குள் விடை தருதல் வேண்டும். விடை வாராவிடினும், வந்த விடை நிறைவளிக்காவிடினும் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் இச்சட்டம் உரிமை தருகிறது என்பதைப் பலர் அறியார்.

சபையில் கேட்பதன் பயன்

இங்கு ஓர் இடரை மறைக்காமல் கூறுதல் வேண்டும். கேள்வி கேட்பவர் அவ்வூரிலேயே வாழ வேண்டியவர். வீட்டு மனைப் பட்டாவுக்கும், முதியோர் ஓய்வூதியத்துக்கும், குழாய் இணைப்புக்கும் அதே அலுவலகத்தின் வாயிலில் நிற்க வேண்டியவர். ‘நமக்கேன் வம்பு?’ என்று அவர் ஒதுங்குவதைக் கோழைமை என்று இகழ்தல் தகாது. ஒருவர் தனித்துக் கேட்டால் அது அவருடைய சொந்தப் பகையாகக் காட்டப்படும். அறுபது பேர் அமர்ந்த சபையில் ஒரு மகளிர் குழு எழுந்து கேட்டு, அது நடவடிக்கைப் பதிவேட்டில் ஏறினால், அஃது ஊரின் கேள்வியாகிறது. ஆதலாற்றான் கேள்வியைச் சபைக்குக் கொண்டுவருதல் வேண்டும் என்கிறோம்.

தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபைக்கு ஆண்டுக்கு ஆறு நாட்கள் குறிக்கப்பட்டன. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியன அவை. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, ஊராட்சியின் வரவு செலவுத் திட்டமும் முந்தைய ஆண்டின் தணிக்கை அறிக்கையும் இச்சபையின் முன் வருதல் வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றித் தனி அலுவலர் பொறுப்பேற்றிருக்கும் காலத்தில் இக்கடமை மேலும் கூடுமேயன்றிக் குறையாது.

கணக்குக் கேட்டதாலேயே எல்லாம் சீர்ப்பட்டுவிடும் என்று நாம் சொல்லவில்லை. 2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியிருந்தது. ஆந்திரப் பிரதேசம் 2006 முதல் அதனை ஊக்கத்துடன் நடத்திற்று. முறைகேடுகள் பல கண்டறியப்பட்டன; ஆனால் இழந்த பணத்தில் மீண்டது சிறு பகுதியே. கண்டறிவது ஊராரின் வேலை. மீட்பதும் தண்டிப்பதும் அரசின் வேலை. அரசு தன் கடமையைச் செய்யுமாறு செய்ய, சென்ற சபையின் தீர்மானம் என்னவாயிற்று என்பதை அடுத்த சபையின் முதற்கேள்வியாக வைத்தல் வேண்டும்.

ஆகவே, அடுத்த கிராம சபைக்கு முன் ஒவ்வோர் ஊரிலும் ஐவர் சேர்ந்து, ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்களாக. அதற்குரிய நான்கு பதிவுகளையும் பெற்று, நாடாவுடன் தரையில் அளந்து, கண்டதைச் சபையில் படிப்பார்களாக. வேலை செம்மையாய் நடந்திருப்பின், செய்தோரைச் சபையில் பாராட்டுவோம். குறையிருப்பின், காரணம் கேட்போம். இரண்டும் கணக்குத் தெரிந்த பின்னரே செய்யத்தக்கவை.