‘சாப்டாச்சு மிஸ்’: உண்ணல் கோளாறைக் கண்டறிந்து கைகொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒன்பதாம் வகுப்பு, மதிய இடைவேளை. அந்தப் பெண் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்தை ஸ்பூனால் ஓரங்களுக்கு ஒதுக்குகிறாள். நடுவில் குழி விழுந்ததும் பாதி சாப்பிட்டது போலத் தெரிகிறது. உருளைக்கிழங்கு பக்கத்துத் தோழியின் மூடிக்குப் போகிறது. நாலு பருக்கையை வாயில் வைத்து வெகுநேரம் மெல்கிறாள். தண்ணீர் மட்டும் ஒரு பாட்டில் காலி. மணி அடிக்கும் முன்பே எழுந்து, மீதியைக் குழாயடியில் கொட்டிக் கழுவிவிட்டு வருகிறாள். “சாப்டியாம்மா?” என்றால் “சாப்டாச்சு மிஸ்” என்று சிரிக்கிறாள்.

நான் அவளுக்கு வகுப்பாசிரியை. இரண்டு மாதம் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதைவிட மோசம், ஆண்டு விழா ஒத்திகையில் “நல்லா ஸ்லிம் ஆயிட்டியே!” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். காலைப் பிரேயரில் அவள் மயங்கி விழுந்தபோது, பக்கத்து கிளினிக்கில் ‘வீக்னெஸ்’ என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். நோயின் பெயர் தெரிய இன்னும் ஐந்து மாதம் ஆனது. பி.டி. சார் அவள் தனியாகக் கூடுதல் ரவுண்டு ஓடுவதைப் பார்த்திருந்தார். பல் டாக்டர் ஒருவர் அவள் பல்லைப் பார்த்திருந்தார். அம்மா, மாதவிலக்கு நின்றதைப் பார்த்திருந்தார். ஆளுக்கொரு துண்டு கையில் இருந்தது. ஒட்டிப் பார்க்க ஆளில்லை. நான் பிறகு பள்ளி ஆலோசகர் வேலைக்கு வந்ததற்கு அதுவே காரணம். அந்த ஏழு மாதத்தில் நாங்கள் ஒவ்வொருவரும் என்ன செய்திருக்கலாம் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன்: இது பிடிவாதம் இல்லை, வியாதி

உண்ணல் கோளாறு என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. சாப்பாட்டை விடாப்பிடியாகக் குறைத்து ஆபத்தான அளவுக்கு மெலிவது அனோரெக்ஸியா. 1873-இல் பாரீஸில் லாசேக், லண்டனில் வில்லியம் கல் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே இதை விவரித்தார்கள். அடக்க முடியாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு, பயந்துபோய் வாந்தி எடுத்தோ பேதி மாத்திரை போட்டோ பட்டினி கிடந்தோ ஈடுகட்டுவது புலிமியா. 1979-இல் ஜெரால்ட் ரஸல் என்ற மனநல மருத்துவர் இதற்குப் பெயர் கொடுத்தார். ஈடுகட்டாமல் அளவுமீறிச் சாப்பிட்டுக் குற்ற உணர்வில் தவிப்பது பிஞ்ச் ஈட்டிங். விக்கிவிடும் என்ற பயத்தாலோ, வாசனையோ குழைவோ பிடிக்காமலோ ஒன்றிரண்டு பண்டத்தோடு நின்றுவிடும் பிள்ளைகளும் உண்டு. இவர்களுக்கு எடை பற்றிய கவலையே இருக்காது. 2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டு நூல் இதைத் தனி நோயாகச் சேர்த்தது.

இந்த நான்கில் அனோரெக்ஸியாவைத் தவிர எதையும் ‘ஒல்லியா’ என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. புலிமியா உள்ளவர் பெரும்பாலும் சாதாரண எடையில்தான் இருப்பார். நூறு கிலோவிலிருந்து நாலே மாதத்தில் எழுபதுக்கு வந்த பையனும் பட்டினியின் ஆபத்தில்தான் இருக்கிறான். ஆகவே எடையைவிட மாற்றத்தைக் கவனியுங்கள்.

பெற்றோருக்கு நான் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று. 1944-45-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்து ஆராய்ந்தார். உடம்பும் மனமும் திடமாக இருந்ததால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். சில மாதங்களில் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள், ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். உங்கள் மகள் யூடியூபில் சமையல் வீடியோவாகப் பார்த்துக்கொண்டு தான் மட்டும் சாப்பிடாமல் இருப்பதும், தொட்டதற்கெல்லாம் கத்துவதும் பெருமளவு பட்டினி செய்யும் வேலை. அவள் குணம் மாறிவிட்டதாக நினைத்து அழ வேண்டாம்.

படி 1: கண்ணில் படுவதைத் தேதியோடு எழுதுங்கள்

ஆசிரியருக்கு நோய்க்குப் பெயர் வைக்கும் வேலை கிடையாது. டைரியில் ஒரு வரி எழுதினால் போதும்: ‘செவ்வாய், மதியம் சாப்பிடவில்லை, நூலகத்தில் இருந்தாள்.’

சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வரும் தலைவலி, சாப்பிட்ட கையோடு கழிவறைக்கு ஓடுவது, வெயிலிலும் கழற்றாத ஸ்வெட்டர், தொட்டால் சில்லிடும் கை, கொத்தாக உதிரும் முடி, இடைவேளையில் உட்காராமல் நடந்துகொண்டே இருப்பது ஆகியவை எழுத வேண்டியவை. மதிப்பெண் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். பலருக்கு ஏறும். ஒரு எழுத்து பிசகினாலும் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதும் பிள்ளை என்று நாம் பாராட்டும் மாணவியே இதில் சிக்கியிருக்கலாம். ஆண் பிள்ளைகளிடம் இது ஜிம், புரோட்டீன் பவுடர், ‘சிக்ஸ் பேக்’ பேச்சாக வரும். சாதத்தை அடியோடு நிறுத்தி முட்டை வெள்ளைக்கருவை எண்ணிச் சாப்பிடும் பதினோராம் வகுப்புப் பையனை யாரும் நோயாளியாக நினைப்பதில்லை.

வாரம் ஒருமுறை வகுப்பாசிரியர், பி.டி. ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர் மூவரும் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டால் துண்டுகள் ஒட்டும்.

படி 2: விரதமா, நோயா என்று பிரித்துப் பாருங்கள்

“நம்ம ஊர்ல இதெல்லாம் ஏது?” என்று என்னிடம் கேட்காத பயிற்சி வகுப்பே இல்லை. சென்னை மருத்துவ மாணவர்களிடையே உண்ணல் சிக்கல்களைப் பற்றிய ஆய்வு 1998-இலேயே வெளியாகிவிட்டது. பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. மூன்றே ஆண்டில் அங்கே பள்ளி மாணவிகளில் நூற்றுக்கு 11 பேர், எடைக்காகத் தாங்களாகவே வாந்தி எடுப்பதாகச் சொன்னார்கள். அதற்கு முன் ஒருவர்கூடச் சொன்னதில்லை. இங்கே ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் போன் இருக்கிறது.

நம் ஊரில் நோய் மரியாதையான வேஷத்தில் வருகிறது. செவ்வாய் முருகனுக்கு, வியாழன் பாபாவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு என்று ஒரு பெண் வாரத்தில் நாலு நாள் விரதம் இருந்தால் வீட்டில் பெருமைதான் படுவார்கள். எல்லா விரதமும் நோய் என்று நான் சொல்லவில்லை. 1989-இல் வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் மேற்கத்தியக் கேள்வித்தாளை வைத்து எடுத்த ஆய்வில், சில ‘ஆமாம்’களுக்குப் பின்னால் இருந்தது சமய நோன்புதான். எனவே விரதம் முடிகிற இடத்தைப் பாருங்கள். நோன்பு இருக்கும் பெண் இரவு பலகாரத்துக்குக் காத்திருப்பாள். நாலு பேரோடு சேர்ந்து விரதத்தை முடிப்பாள். நோயில் இருப்பவளுக்கு முடிக்கும் நேரம்தான் பயம். பிரசாதத்தையே கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொள்வாள்.

‘குண்டாகிவிடுவேன்’ என்று அவள் வாயால் சொல்வாள் எனக் காத்திருக்கவும் வேண்டாம். “கேஸ் டிரபிள்”, “வயிறு உப்பிக்குது”, “பசிக்கல” என்று மட்டுமே சொல்லும் நோயாளிகள் ஆசிய நாடுகளில் உண்டு என்று ஹாங்காங் மருத்துவர்கள் 1990-களிலேயே எழுதியிருக்கிறார்கள். கேஸ் மாத்திரையிலும் எண்டாஸ்கோபியிலும் ஒரு வருடம் ஓடிப்போன குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன்.

படி 3: தனியாகக் கூப்பிட்டு, கண்டதை மட்டும் சொல்லுங்கள்

ஸ்டாஃப் ரூமில் வேண்டாம். சாப்பாட்டு வேளையிலும் வேண்டாம். வகுப்பு முடிந்து, நோட்டு அடுக்க உதவச் சொல்லி அழைக்கலாம். நான் சொல்வது இவ்வளவுதான்: “ரெண்டு மூணு வாரமா நீ மதியம் சாப்பிடறதில்லைன்னு பாத்தேன். முன்ன மாதிரி கலகலன்னு இல்ல. எனக்குக் கவலையா இருக்கும்மா. என்ன ஏதுன்னு இப்பவே சொல்லணும்னு இல்ல.”

முதல்முறை “ஒண்ணுமில்ல மிஸ்” என்றுதான் வரும். சரி என்று விட்டுவிட்டு, நாலு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். சோமாலியாக் குழந்தைகளைக் காட்டி வெட்கப்படுத்துவது, “எங்க காலத்துல சோறே கிடைக்காது” என்பது, “கொஞ்சம் சாப்பிட்டாத்தான் என்ன?” என்பது மூன்றும் கதவைச் சாத்தும். ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். “உன்னோட உடம்புக்கு ஆபத்துன்னா அம்மாகிட்ட சொல்லித்தான் ஆகணும். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்” என்பதே நேர்மை.

சாக விரும்புவதாகவோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகவோ தெரிந்தால் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அனோரெக்ஸியாவால் இறப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார். அன்றைக்கே பெற்றோரை வரவழைத்து, பிள்ளையைத் தனியே விடாமல் ஒப்படையுங்கள்.

படி 4: பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்

பி.டி.ஏ. கூட்டத்தில் போகிறபோக்கில் சொல்லும் விஷயம் இல்லை இது. தனியாக அழைத்து, டைரியில் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். “நான் சமைக்கிறது பிடிக்கலையா?” என்று அம்மா அழுவார். பாட்டி கண்ணு பட்டுவிட்டது என்பார். திருஷ்டி சுற்றிப் போடட்டும், அதோடு சண்டை எதற்கு? நாளைக் காலை டாக்டரிடமும் காட்டுவார்கள் என்று தேதியும் நேரமும் வாங்கிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

படி 5: சுகாதார நிலையத்தில் முதல் அரை மணி நேரம்

கிராமச் செவிலியர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், குடும்ப டாக்டர் எல்லோருக்கும் இது. அம்மாவைப் பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். 1999-இல் லண்டன் மருத்துவர்கள் வகுத்த ‘ஸ்காஃப்’ கேள்விகள் ஐந்து. பேச்சுத் தமிழில் நான் இப்படிக் கேட்கிறேன்: வயிறு முட்டிப்போச்சுன்னு நீயாவே வாந்தி எடுக்கிறதுண்டா? எவ்வளவு சாப்பிடறோம்கிறது கைமீறிப் போச்சுன்னு கவலையா இருக்கா? மூணு மாசத்துல ஆறு கிலோவுக்கு மேல குறைஞ்சியா? எல்லாரும் ஒல்லின்னு சொன்னாலும் நீ குண்டுன்னு தோணுதா? சாப்பாட்டு நெனப்புதான் உன்னை ஆட்டி வைக்குதா? இரண்டுக்கு ‘ஆமாம்’ வந்தால் மேலே பாருங்கள். இது சல்லடை மட்டும்தான், தீர்ப்பு இல்லை.

பிறகு உடம்பு. நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். விழித்திருக்கும்போது 50-க்குக் கீழே போனால் அது ‘அத்லெட் ஹார்ட்’ என்று விட்டுவிடும் விஷயம் இல்லை, அட்மிஷனுக்கான காரணம். படுக்கவைத்தும் நிற்கவைத்தும் இரத்த அழுத்தம் பாருங்கள். உடல் வெப்பம் 96 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருக்கிறதா? முதுகிலும் கையிலும் பூனைமுடி, விரல் முட்டியில் பல் பட்ட காய்ப்பு, முன்பல்லின் உள்பக்கம் எனாமல் கரைவு, பொன்னுக்கு வீங்கி போலக் காதோரம் இருபக்கமும் வீக்கம் இருக்கிறதா? கடைசி மூன்றும் வாந்தியின் அடையாளங்கள்.

சிறுநீர் கழிக்க வைத்து, மெல்லிய உடையில், எண் தெரியாதபடி திருப்பி நிறுத்தி எடை எடுங்கள். வருமுன் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வருபவர்கள் உண்டு. தைராய்டு, காசநோய், சர்க்கரை நோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பொட்டாசியமும் இ.சி.ஜி.யும் கட்டாயம். வாந்தியால் பொட்டாசியம் இறங்கினால் இதயம் நின்றுவிடலாம். ஆனால் ‘எல்லா டெஸ்டும் நார்மல்’ என்ற வரியை நம்பி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். உடம்பு வெகுநாள் சமாளித்துக்காட்டும்.

மாதவிலக்கு நின்றால் ஹார்மோன் மாத்திரை கொடுத்து ‘டேட்’ வரவழைப்பது நம்மிடம் சகஜம். பட்டினியால் நின்றதை மாத்திரை மறைத்துவிடும். அதேபோல் பதினாறு வயதுப் பெண்ணிடம் “உனக்கு பி.சி.ஓ.டி., வெயிட்டைக் குறை” என்று மொட்டையாகச் சொல்லி அனுப்பினால், சிலருக்கு நோய் அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறது. இன்சுலின் போடும் பிள்ளைக்குக் காரணமில்லாமல் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தால், எடை குறைய ஊசியைத் தவிர்க்கிறதா என்று மெதுவாகக் கேளுங்கள்.

படி 6: குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கும் முன் நில்லுங்கள்

மயங்கி விழுந்த அன்று என் மாணவிக்கும் அப்படித்தான் ஒரு பாட்டில் ஏற்றினார்கள். அவள் தப்பியது அதிர்ஷ்டம். வாரக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பில் சர்க்கரை திடீரென்று ஏறினால் இன்சுலின் சுரந்து, இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். தயாமின் தீர்ந்துபோகும். இதயத் துடிப்பு தடுமாறலாம், மூச்சு முட்டலாம், வலிப்பு வரலாம். இதற்கு ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்று பெயர். ஆபத்து முதல் சில நாளில் அதிகம். சர்க்கரை அளவு நிஜமாகவே இறங்கியிருந்தால் குளுக்கோஸ் கொடுத்தே தீர வேண்டும், தயாமினோடு. மற்றபடி ‘தெம்புக்கு ஒரு பாட்டில்’ வேண்டாம். தயாமின் கொடுத்து, உப்புகளைத் தினமும் அளந்து, உணவைப் படிப்படியாக ஏற்றும் வசதி உள்ள மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

வீட்டாருக்கும் இதையே சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி போகும் வழியில் பிரியாணி வாங்கிக் கொடுத்துத் தேற்றப் பார்க்கும் மாமாக்கள் இருக்கிறார்கள்.

படி 7: எங்கே அனுப்புவது, அங்கே என்ன நடக்கும்

அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் உள்ள மாவட்ட மனநலத் திட்டம் இரண்டும் இலவசம். 2022 முதல் இயங்கும் டெலி-மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். குழந்தைக்கு வீட்டிலேயே ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

அனோரெக்ஸியாவைத் தீர்க்கும் மாத்திரை கிடையாது. வளரிளம் பிள்ளைகளுக்கு நல்ல பலன் தருவது லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சை. கொஞ்ச காலம் என்ன, எவ்வளவு, எப்போது என்பதைப் பெற்றோரே முடிவு செய்வார்கள். பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட வைப்பார்கள். எடை ஏறி பயம் தணியத் தணியப் பொறுப்பைத் திருப்பிக் கொடுப்பார்கள். ஊட்டிவிடுவதை வெட்கமாக நினைக்காத நம் வீடுகளில் இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். புலிமியாவுக்கும் பிஞ்ச் ஈட்டிங்குக்கும் மனப் பயிற்சிச் சிகிச்சை இருக்கிறது. மாதங்கள் ஆகும்.

படி 8: திரும்பி வரும் நாளுக்குப் பள்ளி தயாராகட்டும்

“வெயிட் போட்டிருக்கே, நல்லாருக்கே” என்று யாரும் சொல்லக் கூடாது. “முகம் தெளிஞ்சிருக்கு” என்பதையும் அந்தப் பிள்ளை ‘குண்டாகிவிட்டாய்’ என்றே கேட்கும். “வந்துட்டியா, உக்காரு” போதும். டாக்டர் எழுதித் தரும்வரை பி.டி. வகுப்பு வேண்டாம். கலோரி கணக்கிடும் அறிவியல் செயல்திட்டத்துக்குப் பதில் வேறு கொடுங்கள். மருத்துவக் குழு எடை எடுக்க வரும் நாளில், வகுப்பே கேட்க எண்ணைக் கத்திச் சொல்ல, லீடர் எழுதும் வழக்கத்தை எல்லோருக்காகவும் நிறுத்துங்கள்.

என் மாணவி திரும்பி வந்த முதல் வாரம், நூலக அறையில் எதிரே உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. அவள் வீட்டுப் பூனை போட்ட குட்டிகளைப் பற்றிப் பேசினோம். நாலு இட்லி முடிய ஐம்பது நிமிடம் ஆனது. கணக்கு வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனாள். முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால், கணக்கு சார் போர்டிலிருந்து திரும்பாமலேயே “நாற்பத்திரண்டாம் பக்கம்மா” என்றார்.