கொள்ளு விதையும் பூர்வீக விவசாயமும்

செஞ்சியை அடுத்த தளவானூரில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயில் ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஆனால் அப்பக்கத்து மானாவாரிக் குடியானவர் நன்கறிந்த கொள்ளு அதனினும் மிகப் பழமையானது.

ஆதியில் ஜனங்கள் வேட்டையாடியும், கிழங்கு, கனி, காட்டுத் தானியம் ஆகியவற்றைச் சேகரித்தும் ஜீவித்தனர். ஓரிடத்தில் ஆகாரம் குறைந்தால் வேறிடம் பெயர்ந்தனர். இவ்வழக்கம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. தென்னிந்தியாவில் கால்நடை வளர்ப்பே முதற்படி. பல்லாரி முதலிய ஜில்லாக்களிலுள்ள சாம்பல் மேடுகள், சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் மாட்டுப் பட்டிகளில் குவிந்த சாணம் எரிந்ததால் உண்டானவை. பட்டிக்குத் திரும்பத் திரும்ப வந்தோர் மழைக்காலத்தில் சிறுதானியங்களையும் பயறுகளையும் விதைத்து, நாளடைவில் ஊராய்த் தங்கினர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. ஜவ்வாது மலைக்கு அப்பால், திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் 1964-க்கும் 1968-க்கும் இடையே நடந்த அகழ்வில் கற்கோடரிகளும், குழி வீடுகளும், கருகிய கொள்ளும் பச்சைப் பயறும் கிடைத்தன.

காட்டுக் கொள்ளின் தோல் தடிப்பானது. ஆதலால் விதைகள் ஒருங்கே முளையா. ஒரு மழை பொய்த்தாலும் சில விதைகள் மண்ணில் மிஞ்சும். செடிக்கு இது காப்பு, பயிரிடுவோனுக்கு நஷ்டம். ஒருங்கே முளைத்து முதிர்ந்தவையே அறுவடையில் அகப்பட்டு, மறுபருவத்துக்கும் விதையாயின. தென்னிந்திய அகழ்விடங்களில் கிடைத்த கொள்ளைச் சோதித்து 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, கி.மு. 2000 முதல் அத்தோல் படிப்படியாக மெலிந்ததைக் காட்டுகிறது. எவரும் திட்டமிடாது, விதை எடுத்த கைகளால் தலைமுறை தலைமுறையாய் விளைந்த பயன் இது.

பசித்த காலத்திலும் உண்ணாமல் காத்த விதையே ஊரை நிலைநிறுத்தியது. களத்தில் மிஞ்சியதை விதையென வைத்தால் முன்னோர் சேர்த்த குணங்கள் கலந்து கெடும். ஆகையால் குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. அறுவடைக்கு முன்பே நோயற்ற, ஒருமிக்க முதிர்ந்த செடிகளை அடையாளமிட்டு, அவற்றின் நெற்றுகளைத் தனியே எடுத்தல்.

2. விதையை நன்கு உலர்த்தி, வண்டு அணுகாதபடி சாம்பல் கலந்து பானையில் மூடி வைத்தல்.

3. விதைப்புக்கு முன் 100 விதைகளை ஈரச்சாக்கில் முளைக்கவிட்டு எண்ணுதல். 80-க்குக் குறைந்தால் வேறு விதை தேடுதல்.

மழை தவறிய ஆண்டில் விதையும் அடுப்புக்குப் போவது இயல்பே. அவ்வாறு விதையிழந்த குடும்பங்களைக் கிராம உத்தியோகஸ்தர்கள் முன்கூட்டியே கணக்கெடுத்து வேளாண்மைத் துறைக்குத் தெரிவித்தால், அடுத்த பருவத்தில் நிலம் தரிசாய்க் கிடவாது.